சந்தனம் வைத்த ரேடியோ

நாட்டின் மெர்டேக்காவை, அதாவது சுதந்திரத்தை, சனிக்கிழமை காலையில் கோலாலம்பூரில் அறிவிப்பதென்று முடிவாகிவிட்டது. நான் மட்டும் எதற்காக அதுவரை காத்திருக்க வேண்டும்? திங்கட்கிழமையே அறிவித்துவிட்டேன்.

"மெர்டேக்கா அறிவிப்பைக் கேக்க உங்க அண்ணன் வீட்டுக்கு வரமாட்டேன். காஜா பேராங்கில, என் வீட்டு வாசல்ல, என் காடியில உக்காந்து கேப்பேன்."

மனைவி பெயர் சிவகாமசுந்தரி. முழுப் பெயரையும் நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் முடிவெடுத்துவிடுவாள். அவளுடைய அண்ணன் சேதுராமன் செமாபோக்கில் பெரிய ரேடியோ வைத்திருக்கிறார். அதன் திருகை யாரும் தொடக்கூடாது. செய்தியின் ஒலியைப் பாதியில் குறைத்துவிட்டு அவர் விளக்கம் சொல்வார். பத்து வருடமாகக் கேட்டுவிட்டேன். இனி ஒரு நாள்கூட முடியாது.

அன்றே பழைய கார் ரேடியோ ஒன்றை வாங்கி, என் காடியில், அந்த மோரிஸ் மைனர் காரில், நானே பொருத்திப் பூட்டினேன். பூஜை போடாமல் எதையும் பூட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஒவ்வொரு திருகாணிக்கும், ஒவ்வொரு கம்பி முனைக்கும் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு, அப்புறம்தான் முடுக்கினேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு சந்தனம் வைத்திருக்க மாட்டார்கள்.

திருகினேன். இன்ஜின் அணைந்திருந்தால் கரகரவென்றது. ஓடினால் ஊளையிட்டது.

"என்னங்க, ரேடியோ அப்பளம் பொரிக்குதா?"

"பழகணும்ல. புதுசு."

"பழசுன்னுதானே வாங்கினீங்க?"

"சனிக்கிழமைக்குள்ள பேச வைக்கிறேன், பாரு."

"எட்டு மணிக்குள்ள பேசினா இங்கயே கேப்போம். இல்லன்னா செமாபோக்கு. சரியா?"

"சரி. ஆம்பள பேச்சு."

செவ்வாயன்று பிளக் ஒயர்களை மாற்றினேன். புதனன்று டைனமோவில் கண்டென்சர் கட்டினேன். வியாழனன்று ஏரியலைக் கழற்றி இடம் மாற்றினேன். ஊளைக்குச் சுருதி மாறியதே தவிர நிற்கவில்லை. ரேடியோ கடையில் கொடுக்கலாமே என்றாள். சுதந்திரத்தை யாராவது கூலிக்கு ஆள் வைத்து வாங்குவார்களா?

வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு அப்துல் ஹமீது வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"எர்த்து கம்பியைப் பாத்தீங்களா? அது வெறும் இரும்பைத் தொடணும்லா."

"சந்தனம் வச்சுப் பூட்டின எர்த்துங்க, பாய். அதைப் போய்ச் சந்தேகப்படலாமா?"

சிவகாமசுந்தரி வாசலில் புளி போட்டுக் குத்துவிளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி அவள் ஒன்றும் சொல்லாதது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை எட்டு மணிக்குத் தூறல். ரேடியோ ஊளை. பேச்சு பேச்சுதான். பல்லைக் கடித்துக்கொண்டு செமாபோக்குக்கு ஓட்டினேன்.

மச்சான் வீட்டு வாசலில் இருபது பேர் நின்றார்கள். காரை நிறுத்தியதும் சிவகாமசுந்தரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே புளி. திருகாணி முடுக்கும் என் திருப்புளியை வாங்கி எர்த் ஆணியைக் கழற்றினாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. புளியால் தேய்த்தாள், துடைத்தாள், முடுக்கினாள். கோலாலம்பூர் கணீரென்று பேசியது. நான் திருப்புளியால் ஐந்து நாள் மல்லுக்கட்டியதை அவள் புளியால் முடித்துவிட்டாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே."

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா இங்க வந்திருப்பீங்களா? அண்ணன் ரேடியோ புதன்கிழமையே வால்வு போய்ப் படுத்திருச்சி. இந்த லோரோங் சந்து முழுக்க ஆள் கூப்பிட்டு வச்சிருக்காரு. அவரு மானம் போவலாமா?"

அதற்குள் மச்சான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைத் திறந்தபடி வைத்துக்கொண்டு, திருகைப் பிடித்துவிட்டார்.

"நீங்க தொடாதீங்க மாப்பிள்ளை. நான் விளக்கம் சொல்றேன்."

நாடு விடுதலை அடைந்தபோது நான் என் காருக்கு வெளியே நின்று, அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன்.