பல் டாக்டர் நாயைப் படுக்கவைத்த படலம்

சொத்தைப் பல்லின் வேர்வரை சென்று பகைமுடித்து மீளும் வித்தகரும், வெள்ளை மேலங்கியையே கவசமாகப் பூண்டவரும், எத்தகைய இறுகிய தாடையையும் ‘ஆ காட்டுங்க’ என்ற ஒற்றை ஆணையால் திறக்கவைக்கும் வாக்குவன்மையாளரும், முன்வழுக்கையில் கதிரவனே முகம் பார்த்துச் செல்லுமளவு ஒளி படைத்தவருமான எங்கள் தெருப் பல் டாக்டர் வாழ்க. அவருடைய இடக்கையில் சுற்றிக்கிடந்த சிவப்பு நைலான் கயிறு வாழ்க. அக்கயிற்றின் மறுமுனையில், எந்தப் போர்க்களத்துக்கு வந்திருக்கிறோம் என்ற கவலை எள்ளளவும் இன்றி, முன்னே சென்ற நாயின் பின்புறத்தை ஆழ்ந்து முகர்ந்துகொண்டிருந்த, முக்கால் பங்கு லாப்ரடாரும் மீதிக் கால் பங்கு இன்னதென்று எவரும் வாய்விட்டுச் சொல்லாததுமான குலத்தில் உதித்த, தூசி என்னும் பெண்சிங்கமும் வாழ்க.

நாய்க் கண்காட்சியில் கீழ்ப்படிதல் போட்டிக்குப் போவதற்கா இத்தனை வாழ்த்து என்று முணுமுணுப்பவர்கள், போர் மூண்ட காரணத்தைக் கேட்ட பிறகு முணுமுணுக்கட்டும்.

டாக்டரின் ராஜ்ஜியம் இரண்டு தளங்கள் கொண்டது. கீழே மருத்துவமனை, மேலே வீடு. கீழ்த்தளத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துப் பேச எவரும் பிறக்கவில்லை. பிறந்தவர்களின் வாயிலும் பஞ்சு இருந்தது. காலை முதல் மாலை வரை இப்படி மறுமொழியற்ற மாந்தரிடையே செங்கோல் செலுத்தியதில், தம் குரலுக்கு வையகமே அடங்கும் என்றோர் எண்ணம் அவர் நெஞ்சில் ஈறு வீக்கம்போல் மெல்ல மெல்லப் புடைத்து வளர்ந்தது. மாடிப்படி ஏறியதும் அந்த வீக்கம் தானே வடிந்துவிடும். மேல்தளத்தில் அவர் உரைத்தவை மின்விசிறிக் காற்றோடு கலந்தன. கல்லூரிக்குப் போகும் மகள், காதில் செருகியதைக் கழற்றி ‘என்னப்பா?’ என்று பணிவோடு கேட்டு, அவர் மறுபடி சொல்லத் தொடங்குமுன்னே மாட்டிக்கொள்வாள். மனைவியோ ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனை இந்தக் கோடியிலிருந்தே, ஒலிபெருக்கி உதவியின்றி, சிலையாக்கி நிறுத்தும் குரல் வாய்ந்தவர். கணவர் பேசும்போது அவர் குறுக்கிடுவதே கிடையாது. பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அந்த விஷயத்தில் தாம் முந்தின நாளே செய்து முடித்துவிட்டதைத் தெரிவிப்பார்.

இந்தச் சூழலில்தான் டாக்டர், எவரையும் கேளாமல், ஓர் அட்டைப்பெட்டியில் தூசியைக் கொண்டுவந்தார். வந்த புதிதில் அது சோபாவின் ஒரு மூலையையும், தலைமையாசிரியையின் இடக்கால் செருப்பையும், மாடிக்கு வந்திருந்த விருந்தாளி கழற்றிவைத்த பல்செட்டையும் மென்றது. பல்செட்டை டாக்டரே புதிதாகச் செய்து கொடுத்தார். செருப்புக்குத்தான் பஞ்சாயத்து கூடியது. ஜன்னல்கள் திறந்திருந்தபடியால் தலைமையாசிரியை அளித்த தீர்ப்பு தெருவுக்கே கேட்டது.

“நாலு பேர் பாக்குற எடத்துல நீங்க சொல்றத அது ஒரு தடவ கேக்கட்டும். கேட்டா வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா அண்ணனோட மரக்கடைக்குப் போயிரட்டும். அங்க காவலுக்கு நாய் வேணுமாம்.”

அண்ணன் என்று குறிக்கப்பட்டவர், மரம் அறுக்கும் வாளையே தொண்டையில் வைத்துக்கொண்டு பிறந்தவரோ என ஐயுறத்தக்க குரலும், இருபுறமும் சீவி நிறுத்திய மீசையும் உடைய மரக்கடை அதிபர். அவரிடம் கமாண்டர் என்ற அல்சேஷன் இருந்தது. சென்ற ஆண்டு கீழ்ப்படிதல் போட்டியில் கமாண்டர் வென்ற கோப்பை, கடையில் தேக்குப் பலகைகளுக்கு நடுவே, வருகிறவர் போகிறவர் தலையில் இடிக்கும் உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. தீர்ப்பைக் கேள்விப்பட்டதும் அவர் அன்றே வந்து தூசியின் காதைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சரக்கு பார்ப்பதுபோல் முதுகைத் தட்டிப் பார்த்தார்.

“மாப்பிள, நாய் வளக்க மொதல்ல கொரல் வேணும். நீங்க பேசினா எனக்கே தூக்கம் கண்ணக் கட்டுது.”

சிரிக்க வேண்டிய இடத்தில் டாக்டர் சிரித்தார். ஆயினும் அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று சமையல்கார அம்மா சொன்னார். ஏனெனில் அந்த வீட்டில், அவர் படியேறி வரும் ஓசைக்கு எழுந்து நிற்கும் உயிர் அது ஒன்றுதான்.

அதன்பின் தொடங்கியது தவம். மருத்துவமனையின் காத்திருப்பு அறையே பயிற்சிக் களம். ‘உட்கார்’ என்று டாக்டர் முழங்குவார். தாடை வீங்கி நின்றிருந்த நோயாளிகள் அனைவரும் உட்காருவார்கள். தூசி மட்டும் நின்றுகொண்டிருக்கும். பிஸ்கட் பாக்கெட்டுகள் பல வீரமரணம் எய்தின. படுக்கவைக்கும் வித்தையை மட்டும் அவர் பல் நாற்காலியின் துணைகொண்டே கற்பித்தார். கால் மிதியை அழுத்துவார். நாற்காலி மெல்லச் சாயும். நோயாளியைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை அமுக்குவதுபோல் இறக்கி, ‘அப்படியே இருங்க, ஒண்ணுமே ஆகாது’ என்பார். மூலையிலிருந்து இதை நாள்தோறும் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தூசியும் அந்தக் கைக்குப் படுத்தது. படுத்தது படுத்தபடியே, வேர் சிகிச்சை முடியும்வரை கிடந்தது. அந்த நோயாளி மட்டும் வாயில் குழாய் இல்லாதிருந்தால் ‘சபாஷ்’ என்றிருப்பார்.

வந்தது போர்நாள்.

விளையாட்டுத் திடலில் கயிறு கட்டி வளைத்த சதுரமே செருக்களம். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவையோர். வெயில் தொப்பியே வெண்கொற்றக் குடையாகக் கவிந்திருக்க, நடுவராக வீற்றிருந்தவர் ஒரு கால்நடை மருத்துவர் அம்மையார். அவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போர்விதிகளை அறிவித்தார்.

“கையில, பையில தீனி இருக்கக் கூடாது. நாயத் தொடக் கூடாது. கடைசி ரவுண்டு படுக்குறது. நாயப் படுக்க வெச்சுட்டு எதிர்ப்பக்கம் போயி நில்லுங்க. மூணு நிமிஷம். நான் சொல்ற வரைக்கும் யாரும் நின்ன எடத்த விட்டு நகரக் கூடாது.”

முதுகில் எண் குத்திய வீரர்கள் நால்வர். அழகு நிலையம் நடத்தும் அம்மணி, பனிமலையின் சிறு துண்டு உருண்டு வந்ததுபோன்ற வெள்ளைப் பஞ்சு நாயோடு வந்தார். இருவருக்கும் ஒரே நிறத்தில் ரிப்பன். இன்சூரன்ஸ் ஏஜெண்டு, நீளத்தில் தாராளமும் உயரத்தில் கஞ்சத்தனமும் காட்டிப் படைக்கப்பட்ட குட்டைக்கால் நாயோடு வந்தார். மூன்றாமவர் மரக்கடை அதிபர். கமாண்டர் அவர் காலோரம் வார்த்த வெண்கலம்போல் நின்றது. நான்காமவர் நம் நாயகர். அவர் சட்டையை மகள் தேய்த்துக் கொடுத்திருந்தாள். அது வரலாறு காணாத நிகழ்ச்சி.

கயிறு பிடித்து நடக்கும் சுற்றில் கமாண்டர் நிழல்போல் நடந்தது. தூசியும் நடந்தது, நடுவில் ஒரு பழைய பேருந்துச் சீட்டை முகர்ந்து, படித்து முடித்துவிட்டுத் தொடர்ந்தது. உட்காரும் சுற்றில், வீரமரணம் எய்திய பிஸ்கட்டுகளின் புண்ணியத்தால், தூசி உட்கார்ந்தது. குட்டைக்கால் நாய் உட்கார்ந்திருக்கிறதா நிற்கிறதா என்று தெளியாமல், நடுவர் அம்மையாரே மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்க்க நேர்ந்தது. கூப்பிட்டால் வரும் சுற்றில், அழகு நிலைய அம்மணி ‘வாடா கண்ணா’ என்று இரு கைகளையும் விரித்தழைக்க, பஞ்சு நாய் காற்றினும் கடுகிப் பறந்து வந்து, அவரைக் கடந்து, ஒலிபெருக்கிக்காரரின் மடியில் ஏறி அமர்ந்தது. இறக்கினால் கடித்தது. அம்மணி சபையோருக்கு வணக்கம் சொல்லிக் களம் நீங்கினார்.

தூசியோ, டாக்டரின் ‘வா’ என்னும் குரல் கேட்ட மாத்திரத்தில், வில்லிலிருந்து விடுபட்ட அம்பென, அணை உடைத்த வெள்ளமென, மின்வெட்டு முடிந்ததும் தொலைக்காட்சியை நோக்கிப் பாயும் குடும்பமென ஓடிவந்து, அவர் முழங்காலில் மோதி நின்றது. டாக்டர் சற்றுத் தள்ளாடினாலும் விழவில்லை. கமாண்டர் இரண்டாம் முழக்கத்துக்கே வந்திருந்தபடியால், மதிப்பெண் பலகையில் மாப்பிள்ளையும் மச்சானும் சமமாக நின்றனர். மரக்கடை அதிபரின் மீசையில் ஒரு நுனி தாழ்ந்ததை, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்டனர்.

இறுதிச் சுற்று. மூன்று நாய்கள், மூன்று வீரர்கள். டாக்டர் உள்ளங்கையைக் கவிழ்த்தார், காற்றை அமுக்கினார், “அப்படியே இரு, ஒண்ணுமே ஆகாது” என்றார். அவையில் அமர்ந்திருந்த அவருடைய பழைய நோயாளி ஒருவரின் வாய் தானாகத் திறந்துகொண்டது. தூசி படுத்தது. டாக்டர் எதிர்ப்பக்கம் சென்று, நெஞ்சு நிமிர்த்தி, கைகளைப் பின்னே கட்டி நின்றார்.

காலம் நகர மறுத்தது. காற்றில் ஒரு காகிதத் தட்டு உருண்டு வந்து கமாண்டரின் வாலைத் தொட்டு நின்றது. பிறகு, கரிய அங்கி பூண்ட சூழ்ச்சிக்காரத் தூதன்போல் ஒரு காகம் இறங்கி, களத்தின் நடுவே அங்குமிங்கும் தத்தி நடந்தது. ஏஜெண்டின் குட்டைக்கால் நாய் முதலில் மூக்கால் எழுந்தது, பிறகு முன்காலால் எழுந்தது, கடைசியில் மொத்த நீளமும் எழுந்து காகத்தைத் துரத்திக்கொண்டு கயிற்றின் அடியில் நுழைந்து மறைந்தது. பின்னாலேயே ஏஜெண்டும் மறைந்தார். காகம் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வந்து, தூசியின் மூக்குக்கு எதிரே நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தது. தூசியின் மீசை நடுங்கியது. வால் ஒருமுறை மண்ணைப் பெருக்கியது. ஆனால் கிழிந்ததொரு கம்பளம்போல் அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அக்கணம் டாக்டரின் அகக்கண் முன் எதிர்காலம் விரிந்தது. மேல்தளத்தில் அவர் வாய் திறக்க, மகள் இரு காதுகளையும் விடுவித்து நிற்கிறாள். தொலைக்காட்சியின் ரிமோட் அவர் கையை நாடித் தானே வருகிறது. மனைவி கைகட்டி, ‘நீங்க என்ன நெனைக்கிறீங்க?’ என்று வினவுகிறார். தூசி மரக்கடையின் தகரக் கொட்டகையில் அல்ல, அவர் மேசைக்கடியில், அவர் பாதத்தின் மேலேயே தாடை வைத்து உறங்குகிறது. இன்னும் சில நொடிகள். அவ்வளவே.

அப்போது வாயிலில் ஒரு வேன் ஓட்டுநர் வந்து, வெள்ளைக் கார் யாருடையது, வழியை மறித்து நிறுத்தியிருக்கிறதே என்று கேட்டார். வெள்ளைக் கார் டாக்டருடையது. சாவி டாக்டரின் கால்சட்டைப் பையில். தலைமையாசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“ஏங்க. கார் சாவி.”

அந்த முதற்சொல்லின் ஆற்றலை எங்ஙனம் உரைப்பது. வேர் சிகிச்சையின் நடுவே மாடியிலிருந்து அது இறங்கிவரும்போது, மருத்துவமனையில் எத்தனை வாய்கள் திறந்தது திறந்தபடி விடப்பட்டன என்பதை அவ்வாய்களே அறியும். அது காதில் விழுந்து, மூளையைச் சென்றடைந்து, பரிசீலிக்கப்பட்டு, அதன்பின் காலுக்கு ஆணையாகப் போவதில்லை. நேரே காலுக்கே போகும். கல்யாணமான காலந்தொட்டு, பிஸ்கட் ஒன்றுகூடச் செலவழிக்கப்படாமல், நடத்தப்பட்ட பயிற்சி அது.

டாக்டர் நடந்தார். களத்தைக் குறுக்கே கடந்தார். தூசியைச் சுற்றிக்கொண்டு போனார். காகம் விலகி வழிவிட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி சாவியை எடுத்து நீட்டினார். “ரிவர்ஸ் கியர் கொஞ்சம் டைட்டா இருக்கும், அமுக்கிப் போடச் சொல்லு” என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பியபோதுதான், திடல் முழுவதும் ஏன் இப்படி ஓசையடங்கிக் கிடக்கிறது என்று வியந்தார்.

தூசி அசையவில்லை. அவர் போனபோது கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. வந்தபோது இந்தப் பக்கம் திருப்பியது. தாடை மண்ணைவிட்டு எழவில்லை.

நடுவர் அம்மையார் ஊதலை எடுத்து ஊதினார். பின் ஒலிவாங்கியைக் கையிலெடுத்தார். அவர் குரலில் துயரமும், வெளியே வராமல் அமுக்கப்பட்ட வேறொன்றும் கலந்திருந்தன.

“நாலாம் நம்பர். நாய்க்கு முழு மார்க். அசையவே இல்ல. நீங்க அசைஞ்சுட்டீங்க சார். ஜோடி அவுட்.”

அவை அதிர்ந்து சிரித்தது. திறந்திருந்த வாயைப் பழைய நோயாளி அப்போதுதான் மூடினார். எஞ்சி நின்றது கமாண்டர் ஒன்றே. கோப்பை அளிக்குமுன் அம்மையார் அருகே சென்று குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மீண்டும் குனிந்தார். கமாண்டர் உறங்கிக்கொண்டிருந்தது. சன்னமான குறட்டையும் கேட்டது. விதிமுறைகளில் நாய் விழித்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை என்று தெரியவந்தது. எனவே ஆழ்ந்த உறக்கமே அப்பழுக்கற்ற கீழ்ப்படிதல் என ஏற்கப்பட்டு, வெற்றி அறிவிக்கப்பட்டது. “கமாண்டர், எழுந்திரு” என்று மரக்கடை அதிபர் முழங்கினார். மறுபடி முழங்கினார். மூன்றாம் முழக்கத்துக்கு வாயிலில் வேன் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கழுத்துப் பட்டையைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. அதைப் போட்டி முடிந்தபின் நடந்ததென்று கணக்கில் சேர்க்கவில்லை. மரக்கடைக்கு இன்னொரு கோப்பை போயிற்று. தலையில் இடிக்க இன்னோர் இடம் ஆயிற்று.

கோப்பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதிபர் தங்கையிடம் வந்தார். டாக்டர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டார். தீர்ப்பு வரப்போகிறது என்பது தூசியைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“தங்கச்சி, நாய் உன் வீட்டுலயே இருக்கட்டும். மாப்பிள்ளைய வேணா கடைக்கு அனுப்பி வை. கூப்பிட்ட கொரலுக்கு வர்ற ஆளுதான் எனக்குக் கெடைக்கவே மாட்டேங்குது.”

தலைமையாசிரியை அண்ணனைப் பார்த்தார். பிறகு கணவரை, காலையில் தேய்த்த சட்டை அதற்குள் கசங்கியதை, பார்த்தார்.

“அவரெல்லாம் குடுக்க முடியாதுண்ணே. வேற ஆள் பாத்துக்க.” பின் தூசியை நோக்கிக் குனிந்தார். “இது இவர் சொன்னதக் கேட்டுச்சு. நாலு பேர் பாத்தாங்க. இருக்கட்டும்.”

இதைக் கேட்டதும் டாக்டரின் மார்பு விரிந்தது, தோள்கள் பூரித்தன, முன்வழுக்கை மீண்டும் சுடர்விட்டது. அவையோரும் மச்சானும் காகமும் கேட்க, தம் ஆணையின் மாட்சி குறித்தும், தோல்வி எனத் தோன்றுவதன் உள்ளே உறையும் வெற்றி குறித்தும், இனி மேல்தளத்தில் நிலவவிருக்கும் புதிய ஒழுங்கு குறித்தும் என்றென்றும் நினைவில் நிற்கத்தக்க ஒரு பேருரையை நிகழ்த்தும்பொருட்டு அவர் வலக்கையை உயர்த்தி, தொண்டையைச் செருமி, “இப்ப நான் என்ன சொல்ல வர்றேன்னா” என்று தொடங்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நாய் பின்சீட்டில் வாந்தி எடுத்தது, அவர்தான் துடைத்தார்.