நாலாம் வளைவு

நாற்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல் தடவையாக, என் மனைவி வேலுத்தாயிடம் அனுமதி கேட்காமல் ஒரு காரியம் செய்வதென்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவுக்கு அனுமதி கேட்க அடுப்படிக்குப் போனேன்.

"காருக்கு ஹெடர் போடலாம்னு இருக்கேன்."

"அதென்ன அது?"

என் கார் எழுபத்தாறாம் வருடத்து அம்பாசடர். எஸ்டேட் மானேஜருக்காக முப்பத்தொரு வருடம் நான் ஓட்டியது. ஓய்வு பெற்றபோது எனக்கே கிடைத்தது. சாந்தன்பாறைக் கடைவீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒன்பது வளைவு. ஏழாவதில் வண்டிக்கு மூச்சு முட்டும். எஞ்சின் புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாய் அவ்வளவு குறுகல். அதைக் கழற்றிவிட்டு நீளமாக வளைத்த எஃகுக் குழாய்களை மாட்டினால் புகை தடையில்லாமல் போகும், வண்டி மேடு ஏறும் என்று மெக்கானிக் டின்டு சொல்லியிருந்தான். அதுதான் ஹெடர். எல்லாவற்றையும் விளக்கினேன்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "சத்தம் கூடுமா?"

எனக்குப் பொய் வராது. "கொஞ்சம் கூடும்."

"அப்பப் போடுங்க."

அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புதுச் சட்டைக்கே மூன்று நாள் யோசிப்பவள்.

இப்போது உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி. நாலாம் வளைவில் பெரியம்மாளின் டீக்கடை. கடைவீதிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அங்கே நிறுத்தி, சர்க்கரை போட்ட டீயும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி இரண்டும் சாப்பிடுவேன். வாரத்துக்கு நாலு நாள், ஆக எட்டுப் பழம்பொரி. மற்றதெல்லாம் வேலுத்தாய் சொன்னபடி. எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு வளைவுதான்.

ஹெடர் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. எண்ணிப் பார்த்தேன்.

"டின்டு, ஏமாத்திட்டாங்க. நாலு சிலிண்டருக்கு மூணு குழாய்தான் இருக்கு."

"அது அப்படித்தான் அண்ணே. நடுவில உள்ள ரெண்டுக்கும் கூடி ஒரே வாய்."

புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ரெண்டு பேருக்கு ஒரே வாய்தான். அது அவளுடையது.

கழற்றிய ஆறு நட்டையும் நானே வாங்கி வைத்துக்கொண்டு, ஆறையும் எண்ணிக் கொடுத்தேன். வண்டியைக் கிளப்பியதும் கடைவீதியே திரும்பிப் பார்த்தது. யார் கண்ணிலும் படாமல் அறுபத்தேழு வருடம் வாழ்ந்தவன் நான். தலையைக் குனிந்துகொண்டே ஓட்டினேன். நாலாவதில் வழக்கப்படி நிறுத்தினேன். ஏழாவதில் வண்டி செகண்ட் கியரிலேயே ஏறியது.

வாசலில் வேலுத்தாய் நின்றாள்.

"நல்லா ஏறுச்சா?"

"ஏழாவதுல செகண்ட் கியரு."

"நாலாவதுல?"

"நாலாவதுல என்ன?"

"சத்தம் நின்னு போச்சே. ஆறு நிமிசம். கடியாரத்தப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஒரு டீ குடிச்சேன்."

"டீக்கு மூணு நிமிசம். மிச்சம் மூணு?"

எங்கள் வீடு நாலாம் வளைவுக்கு எதிர்மலையில் இருக்கிறது. ஏலக்காட்டு நிழலில் சாலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சத்தம் ஓடையைத் தாண்டி நேரே அடுப்படிக்கு வரும். வருவது யாருடைய ஜீப் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் அரிசி களைந்துகொண்டே சொல்வார்கள். இத்தனை நாள் என் அம்பாசடர் ஒன்றுதான் பூனைபோல் வந்து போய்க்கொண்டிருந்தது.

அடுத்த தடவை எஞ்சினை அணைக்காமலே சாப்பிட்டேன்.

"இன்னைக்கு ஒரே எடத்துல நின்னு ஆறு நிமிசம் உறுமுச்சே" என்றாள். "வண்டியும் சாப்புட்டுச்சா?"

மறுநாள் காலை டின்டுவிடம் போனேன்.

"பழைய குழாயவே மாட்டிரு. நட்டு ஆறும் சரியா இருக்கான்னு பாத்துக்கோ."

டின்டு ஸ்பானரைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"பழசு சேச்சி கொண்டு போயாச்சு அண்ணே. மாட்டின மறுநாளே."

"எந்தச் சேச்சி?"

"வேலுத்தாய் சேச்சிதான். ஹெடரோட காரியம் உங்க காதில போடச் சொன்னதும் சேச்சிதானே. அண்ணனுக்குத் தெரியாதா?"

அன்றைக்கு நாலாம் வளைவில் நிறுத்தவில்லை. பெரியம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தது மட்டும் தெரிந்தது.

"டின்டு எல்லாஞ் சொல்லிட்டான்" என்றேன் வேலுத்தாயிடம்.

"சொல்லட்டும். போன மழைக்கு ஒங்க கால் புண்ணு ஆற எத்தன நாளாச்சு?"

யோசித்தேன். தெரியவில்லை.

"நாப்பத்தேழு. வெரலு போயிரும்னு டாக்டரு சொன்ன நாளுலருந்து. கழுவிக் கட்டுனவளுக்குத்தான் கணக்கு தெரியும்."

நட்டை எண்ணியவன், வளைவை எண்ணியவன், பழம்பொரியை எண்ணியவன். என் காலுக்கு அவள் கட்டுப் போட்ட நாட்களை மட்டும் நான் எண்ணவில்லை.

"இனிமே நிக்க மாட்டேன்" என்றேன். "அந்தப் பழைய குழாயக் குடு. ஊரே என்னயப் பாக்குது."

"அது வேலையா இருக்கு."

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். தேய்த்துக் கழுவிய வார்ப்பிரும்பு, ஊறுகாய் ஜாடி மூடியின் மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. மூன்று வாயும் என்னைப் பார்த்துத் திறந்திருந்தன. போகட்டும், மாங்காய் ஊறுகாயாவது எனக்கென்று மிஞ்சியதே என்று, மெல்ல அதை இறக்கி வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன்.

பாகற்காய்.