எட்டு ஸ்பேடும் ஒரு சத்தியமும்

போர்டு இன்னும் வரவில்லை. கோபாலகிருஷ்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மாமல்லபுரத்தில் ஒரு கடலோர விடுதியின் மாடி ஹாலில் பிரிட்ஜ் போட்டியின் கடைசிச் சுற்று. பெரிய போட்டிகளில் மேசையில் வைத்துச் சீட்டைக் குலுக்க மாட்டார்கள். நான்கு பேருக்கும் பிரித்து, நான்கு பக்கமும் பை வைத்த ஒரு தட்டில் செருகிக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தத் தட்டுதான் போர்டு. கொண்டுவருகிறவள் புதுப்பட்டினத்துப் பூங்கொடி. அவள் டீ சொல்லப் போயிருந்தாள்.

“கொஞ்சம் பொறுங்களேன்,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த கல்யாணி. அவருக்கு மனைவி, பதினெட்டு வருஷமாகப் பார்ட்னரும் அவள்தான்.

“முன்னாடி இருக்கோம் கல்யாணி! இந்த ஒரு போர்டு ஒழுங்கா ஆடினா கப்பு நம்மளுது. சூடு ஆறக் கூடாது.”

சொல்லிக்கொண்டே எழுந்துபோய், ஹாலின் முன்மேசையில் தனியாகக் கிடந்த ஒரு போர்டைத் தூக்கி வந்துவிட்டார். அதில் எண் ஒட்டியிருக்கவில்லை. அதையெல்லாம் பார்க்கிற நிலையிலா அவர் இருந்தார்!

கல்பாக்கத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அவர். ஒரு வால்வைத் திறக்க மூன்று பேரிடம் கேட்பார். சீட்டைக் கையில் எடுத்தால் மட்டும் ஆளே வேறு.

பிரிட்ஜில் ஆட்டத்துக்கு முன்னால் ஏலம் உண்டு. எது துருப்பு, பதின்மூன்று சுற்றில் எத்தனை பிடி பிடிப்போம் என்று ஒருவருக்கு மேல் ஒருவர் ஏற்றிக் கேட்க வேண்டும். கையில் பெரிய சீட்டு இல்லை, ஆனால் ஒரே ரகம் நீளமாக வந்திருக்கிறது என்றால் எடுத்த எடுப்பிலேயே உயரத்துக்குத் தாவிவிடலாம். எதிராளிக்குப் பேச இடமிருக்காது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே வித்தைதான். ஆனால் தாவியவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லியாயிற்று, மிச்சம் பார்ட்னர் பாடு.

கோபாலகிருஷ்ணன் தாவுவார். அப்புறம் வாயையும் திறப்பார். பதினெட்டு வருஷமாக இதே கதை.

காலையில் காரில் வரும்போது, புதுப்பட்டினம் தாண்டியதும் கல்யாணி சொல்லிவிட்டாள்: “தாவுங்க, வேணாங்கல. தாவிட்டு இன்னொரு தடவை கேட்டீங்கன்னா, அடுத்த போட்டிக்கு நான் சங்கரியோட ஆடிக்கறேன்.”

“சத்தியமா கேக்க மாட்டேன்!”

சொன்னாரே தவிர, அவருக்குப் பகீரென்றது. வீட்டில் அவர்கள் பேச்செல்லாம் கேஸ் சிலிண்டர், பால் பாக்கெட், மகள் அனுவின் ஹாஸ்டல் என்று முடிந்துபோகும். இந்த மேசையில்தான் அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். அதுவும் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

அவர் தன் பதின்மூன்று சீட்டையும் விசிறியாகப் பிரித்தார்.

ஸ்பேட் எட்டு. டைமண்ட் ஐந்து. ஹார்ட், கிளப் பேச்சுக்குக்கூட ஒன்று கிடையாது. இப்படியொரு கோணல் கையை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

எதிரே கல்யாணி தன் சீட்டைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பூங்கொடியைக் கூப்பிடுவதுபோலக் கையைப் பாதி தூக்கியவள், என்ன நினைத்தாளோ, இறக்கிக்கொண்டு பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

முதல் கேள்வி கோபாலகிருஷ்ணனுடையது. நாலு ஸ்பேட் என்று எழுதிய ஏல அட்டையை எடுத்துப் பட்டென்று வைத்தார். கேட்கிற எண்ணோடு ஆறைக் கூட்ட வேண்டும். ஆக, பத்துப் பிடி.

எதிராளி ஜெபகுமார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கேள்விக்கு அர்த்தம் தெரியாவிட்டால் கேட்டவரின் பார்ட்னரிடம் விசாரிக்கலாம் என்பது சட்டம். “மேடம், இதுக்கு இன்னா அர்த்தம்?”

“ஸ்பேட் நீளம், சரக்கு கம்மி. இதுக்கு மேல அவர் பேச மாட்டார்,” என்றாள் கல்யாணி.

ஜெபகுமார் பாஸ். கல்யாணி பாஸ். ஜெபகுமாரின் பார்ட்னர் ஆனந்தன் யோசித்து யோசித்து ஐந்து ஹார்ட் வைத்தார்.

பாஸ் அட்டை கோபாலகிருஷ்ணனின் விரலுக்கு அடியிலேயே இருந்தது. எடுத்து வைத்தால் சத்தியம் பிழைக்கும். ஆனால் எட்டு ஸ்பேட்! ஹார்ட்டில் ஒன்றுகூட இல்லாத கை! இதற்குப் பேசாமல் வேறு எதற்குப் பேசுவது? விரல் தானாக நகர்ந்தது. ஐந்து ஸ்பேட்.

“மேடம்,” என்றார் ஜெபகுமார், “பேச மாட்டார்னீங்க?”

“ஏற்பாடு அப்படித்தான் சார். ஆளு வேற.”

ஜெபகுமார் சந்தோஷமாக டபுள் அட்டையை வைத்தார். ‘உன்னால் முடியாது, தோற்றால் தண்டம் இரட்டிப்பு’ என்று அர்த்தம். கல்யாணி பாஸ். ஆனந்தன் பாஸ்.

கோபாலகிருஷ்ணனுக்கு வேர்த்தது. தப்பிக்க வழி? ஏன், டைமண்ட் ஐந்து இருக்கிறதே! ஆறு டைமண்ட் என்று ஓடினார்.

ஜெபகுமார் பாஸ், கல்யாணி பாஸ். ஆனந்தன் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. டபுள்.

ஐயோ, ஸ்பேடே தேவலை! ஆறு ஸ்பேட் என்று திரும்பி ஓடி வந்தார். பன்னிரண்டு பிடி. ஜெபகுமார் டபுள் அட்டையை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார்.

கல்யாணி மறுபடி தண்ணீர் குடித்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து கோபாலகிருஷ்ணன் துடித்துப்போனார்.

ஆட்டம் தொடங்கியது. கல்யாணியின் சீட்டை மேசையில் திறந்து வைக்க வேண்டும். வைத்தாள். ஸ்பேட் ஒன்றுகூட இல்லை, டைமண்டும் இல்லை. சரி, மிச்சமுள்ள ஐந்து ஸ்பேடாவது இருவர் கையில் பிரிந்திருக்கும் என்று நம்பினார். ஏஸ், கிங் உட்பட ஐந்தும் ஜெபகுமாரிடமே இருந்தன. ஹார்ட்டைப் போட்டுப் போட்டு அவருடைய துருப்பையெல்லாம் உருவிவிட்டார்கள். பன்னிரண்டு பிடி என்றவருக்குக் கிடைத்தது ஏழு.

“கப்பு போச்சு,” என்றார் ஈனக்குரலில்.

“அது கிடக்கட்டும். சங்கரிக்கு போன் பண்ணட்டுமா?”

“கல்யாணி! நான் என்ன பண்ணுவேன்? இது என் தப்பே இல்ல!” அவர் எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. “எட்டு ஸ்பேட், அஞ்சு டைமண்ட்! மிச்ச ஸ்பேட் மொத்தமும் ஒரே ஆள்கிட்ட! என் எடத்துல யார் இருந்தாலும் இதே கதிதான். இப்படி ஒரு கை வரும், இப்படி நடக்கும்னு முன்கூட்டியே சொல்ல உலகத்துல ஒருத்தராவது இருக்காங்களா? ஒரே ஒருத்தர்?”

கல்யாணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு கையில் டீத் தட்டும், இன்னொரு கையில் எண் ஒட்டிய போர்டுமாக மூச்சிரைக்க வந்து நின்ற பூங்கொடி, மேசையில் பரப்பிக் கிடந்த சீட்டுகளைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

“ஐய, உங்க போர்டு இதோ என் கைல கீது, அத்த இன்னாத்துக்கு சார் தூக்கியாந்தீங்க? அது மத்தியானம் புதுசா கத்துக்க வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கணும்னு அக்கா காலைல ஒவ்வொரு சீட்டா அடுக்கி வச்சதாச்சே! ‘எங்க வூட்டுக்காரரு நாலுல தாவுவாரு, அஞ்சுக்கு ஏறுவாரு, டைமண்டுக்கு ஓடுவாரு, ஆறுல வந்து வுழுவாரு, அப்பவும் நான் அவரோடதான் ஆடுவேன்’னு சிரிச்சிகினே சொன்னியேக்கா!”