எல்லோரையும் வெளியே நிறுத்திய மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் பூ, பழம், இனிப்பு என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். 'கம்பியூட்டர் தெரிந்தவன்' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

அப்போது நான் சிரம்பானில் ஒரு கடையில் பிரிண்டர் விற்றுக்கொண்டிருந்தேன். விற்பதோடு சரி. மை தீர்ந்தால் மாற்றுவேன், தாள் சிக்கினால் இழுப்பேன். அதற்கு மேல் ஏதாவது என்றால் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பழுது பார்க்கும் என் கூட்டாளி பிரேமைக் கூப்பிடுவேன். ஆனால் ரஹாங்கில் எங்கள் தெரு முழுக்க அம்மா என்னைக் 'கம்பியூட்டர் எஞ்சினியர்' என்று சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. (கேட்க நன்றாகத்தான் இருந்தது.)

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய், திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிற ரகம். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

பெண் வீடு லுக்குட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். பெண்ணின் பெயர் கோகிலா; தோட்டத்துப் பாலர்பள்ளியில் ஆசிரியை. அப்பா முனியாண்டி அங்கே மண்டோர். குலை வெட்டும் ஆட்களை மேற்பார்த்து, மேய்த்து மேய்த்து, சாதாரணமாக "உக்காருங்க" என்று சொன்னாலே உத்தரவு மாதிரி இருக்கும் குரல். மாமாவின் காரில் அம்மாவும் மாமாவும் நானும் கிளம்பினோம். மம்பாவ் தாண்டும்போது, வீட்டைப் பூட்டினோமா என்று அம்மாவிடம் இரண்டாம் தடவை கேட்டேன்.

நல்ல நாள் என்று அம்மா பிடிவாதமாகக் குறித்த ஞாயிற்றுக்கிழமை, பாலர்பள்ளியின் ஆண்டு விழாவாகவும் அமைந்துவிட்டது. மத்தியானம் பெண் பார்ப்பது, சாயங்காலம் எல்லோருமாக மண்டபத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்ப்பது என்று பெரியவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் கல்யாணக் களை இல்லை. கோகிலா பட்டுப்புடவையோடு லேப்டாப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"நேத்து ராத்திரி அதுவா அப்கிரேடு ஆகவான்னு கேட்டுச்சு," என்றார் மண்டோர். "மரியாதையா கேக்குதேன்னு சரின்னு அமுக்குனேன். அப்பறம் பேரு கேட்டுச்சு. என் பேர குடுத்தேன்."

"உங்க பேர ஏன்ப்பா குடுத்தீங்க?" என்றாள் கோகிலா.

"நான்தானே வாங்கிக் குடுத்தேன். அப்ப யாரு பேர குடுக்கறது?"

விஷயம் இதுதான். அதுவரை கோகிலாவின் பெயரில் இருந்த கோப்புகள், புதுப்பித்த பிறகு மண்டோரின் பெயரில் நுழைந்தவர்களை அடையாளம் தெரியாதவர்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டன. ஆட்டப் பாட்டுகள் எல்லாம் உள்ளே. இணையத்தில் தேடி எடுத்துக்கொள்ளக்கூடிய பாட்டுகளும் அல்ல. பிள்ளைகளையே பாடவைத்து, பேசவைத்து, கோகிலா மூன்று மாதமாகப் பதிவு செய்து கோத்தவை. பென்டிரைவில் ஒரு பிரதி இருந்ததாம். அதை அழித்துவிட்டு அவளுடைய பெரியப்பா மகன்கள் சினிமாப் படம் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"இந்த வருசம் விழா நல்லா நடந்தாத்தான் அடுத்த வருசத்துக்குப் புள்ளைங்கள பதிவாங்க," என்று கோகிலா என்னைப் பார்க்காமலே சொன்னாள். "இல்லாட்டி அந்த ரூம்ப தோட்டத்து ஆபிஸ்ல உரம் வைக்கக் கேக்கறாங்க. பள்ளிய மூட வேண்டியதுதான்."

அம்மா பலகாரத் தட்டை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் கலங்கறீங்க? என் மவன் கம்பியூட்டர் எஞ்சினியராச்சே!"

கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஜன்னலுக்கு வெளியேயிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்துத் தலைகளும் சேர்த்துத்தான்.

லேப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தேன். பிரேம் கடையில் செய்வதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகத்தில் கோப்புறை மேல் வலது பொத்தானை அமுக்கி, பாதுகாப்பு என்று இருந்த பக்கத்துக்குப் போய், உரிமையாளர் பெயரை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்து, மண்டோரின் பெயரைப் போட்டேன். பச்சைக் கோடு ஒன்று மெல்ல ஓடியது. என் மூச்சு ஓடவில்லை. பிறகு, சத்தியமாக எனக்கே காரணம் முழுசாகத் தெரியாமல், கோப்புறை திறந்துகொண்டது!

ஒரு பாட்டைத் தட்டினேன். பிள்ளைகளின் குரல் கூடத்தை நிறைத்தது. கோகிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா மண்டோரைப் பார்த்தார். மண்டோர், "காப்பி கொண்டாம்மா," என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். எந்த மனிதனும் எழுந்து வந்திருப்பான். கோகிலா பிள்ளைகளின் உடுப்பை எடுத்துவைக்க உள்ளே போனாள். மண்டோர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இத வேற யாரும் நோண்ட முடியாத மாதிரி பண்ணிட முடியுமா? எங்கண்ணன் மவனுங்க தொல்ல தாங்கல லா."

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"அதுக்கென்ன அங்கிள், ரெண்டு நிமிசம்," என்றேன். பட்டியலில் 'எவ்ரிஒன்' என்று ஒரு பெயரைச் சேர்த்தேன். எல்லோரும். எதிரே இரண்டு வரிசைக் கட்டங்கள்: 'அலௌ' என்றால் விடலாம், 'டினை' என்றால் விடக்கூடாது. விடக்கூடாது என்ற வரிசை முழுக்க டிக் போட்டேன். கணினி ஒரு எச்சரிக்கை காட்டியது. நிச்சயமாகத்தான் சொல்கிறாயா என்கிற தோரணையில். (அதுவும் மரியாதையாகத்தான் கேட்டது.) ஆமாம் என்று அமுக்கினேன். எதற்கும் ஒரு தடவை திறந்து பார்ப்போம் என்று கோப்புறையைத் தட்டினேன்.

உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

மறுபடி தட்டினேன். இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை. முன்னே நுழைந்த வழியிலேயே போனேன். பார்க்கவே உனக்கு அனுமதி இல்லை என்று அங்கேயும் கையை விரித்தது. மண்டோர் என் பக்கத்தில் காப்பியை ஆற்றிக்கொண்டு திருப்தியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பது அந்த நேரத்தில் கடவுள் எனக்குச் செய்த ஒரே உதவி.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சு அங்கிள். கொஞ்சம் ஆறட்டும்," என்று மூடிவைத்தேன். (லேப்டாப்பை ஆறவைத்த முதல் எஞ்சினியர் நானாகத்தான் இருப்பேன்.)

பிரேமைக் கூப்பிட வேண்டும். அந்த வீட்டில் கைப்பேசிக்கு அலை கிடைப்பது கொல்லையில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான். கழிவறையும் அதே பக்கம். "இதோ வந்திடறேன்," என்று போனேன். பிரேம் எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போர்ட்டிக்சன் கடற்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். வடையைப் பாதி கடித்து வைத்தேன். மறுபடி போனேன். சேவல் ஒன்று கூட்டுக்குள்ளிருந்து என்னையே முறைத்தது. திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

"தம்பிக்கு வயிறு சரியில்ல போலிருக்கு," என்று கோகிலாவின் அம்மா என் அம்மாவிடம் கிசுகிசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது. சற்று நேரத்தில் ஒரு பெரிய டம்ளர் ஓமத்தண்ணி வந்தது. எல்லோர் முன்னாலும் குடித்தேன். வேறு என்ன செய்வது?

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது, உண்மையாகவே வந்தது. ஆனால் அம்மா அப்போது பரிசம் போடும் மாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்குள் கோகிலா உடுப்பு மூட்டையோடு லேப்டாப்பையும் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, "புள்ளைங்க வந்திருப்பாங்க," என்று கிளம்பியேவிட்டாள்.

மண்டபத்தில் தோட்டமே கூடியிருந்தது. மேடையோரம் ஒரு மேசை. அதன் மேல் லேப்டாப், மைக், புரொஜெக்டர். முகத்தில் பவுடரும் தலையில் மயில் இறகுமாகக் குட்டிப் பிள்ளைகள் வரிசையாக நின்றன. நான் மேசையருகே போனேன்.

"ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

கோகிலாவின் முகம் சிவந்தது. "அதெல்லாம் பெரியவங்ககிட்ட சொல்லுங்க," என்று சிரித்துக்கொண்டே குனிந்துகொண்டாள்.

"அது இல்ல. லேப்டாப். நான் மறுபடியும் பூட்டிட்டேன். தெறக்கத் தெரியல."

அந்தச் சிரிப்பு அணைந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவள் கோப்புறையைத் தட்டினாள். அனுமதி இல்லை என்ற செய்தி மேடைச் சுவர் முழுக்கப் பெரிதாக வந்து நின்றது. கூட்டம் முணுமுணுத்தது. ஒரு மயில் அழ ஆரம்பித்தது.

அப்போது என் கைப்பேசி அடித்தது. பிரேம். கோகிலாவுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் மைக் உயிரோடு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"என்னடா இத்தன மிஸ்கால்? பொண்ணு வேணான்னுட்டாளா?" என்று பிரேமின் குரல் மண்டபத்தின் நான்கு மூலையிலும் அதிர்ந்தது.

மைக்கை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நடந்ததை உளறினேன். அதுவும் நான்கு மூலைக்கும் போனது.

"யாருக்கு டினை போட்ட?"

"எவ்ரிஒன்னுக்கு."

கடலலைச் சத்தத்துக்கு மேலே பிரேம் கத்தினான்.

"டேய், எல்லாரும்னா நீயும்தான் லா! ஒன்ன மட்டும் தனியா உள்ள விடறதுக்கு அது என்ன ஒங்கம்மாவா?"

மண்டபம் வெடித்தது. முன்வரிசையில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

"சரி, ஓனர் பேரு யாருது? அந்த மண்டோரா? அப்ப ஒண்ணும் ஆகல. ஓனரு நெனச்சா மாத்திக்கலாம். அட்வான்ஸ்ட்ன்னு இருக்கும் பாரு, உள்ள போ. டினைன்னு இருக்கற வரியத் தூக்கு."

நான் வேறு எதையோ தட்டினேன். கோகிலா மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து போவதைத் தோட்டம் முழுக்கச் சுவரில் பார்த்தது. அந்த வரி போனது. கோப்புறை திறந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது.

பிள்ளைகள் அற்புதமாக ஆடினார்களாம். நான் பார்க்கவில்லை. மாமாவின் காரில் பின் இருக்கையில் ஒடுங்கிப் போய் உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்டுவிடலாமா, ஊரை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவமானத்தைவிட, அந்தப் பெண்ணின் மூன்று மாத உழைப்போடு விளையாடிவிட்டேனே என்பதுதான் அதிகமாக உறுத்தியது. விழா முடிந்து, எல்லோரும் சாப்பிட வாருங்கள் என்று மண்டோர் மைக்கில் கூப்பிட்டது கேட்டது. நான் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மண்டோர். இறக்கினேன்.

"சாப்பிட எல்லாரையும் கூப்பிட்டேனே தம்பி. காதுல விழலியா?"

"விழுந்துச்சு அங்கிள்."

"எல்லாரும்னா நீங்களும்தான்," என்றார் மண்டோர். முகத்தில் சிரிப்பே இல்லை. "ஒங்க கூட்டாளி மைக்குல அவ்ளோ சத்தமா சொன்னாரே. எறங்குங்க. கோகிலா எல போட்டு ஒக்காந்திருக்கா."

அடுத்த வருடம் அந்த அறைக்கு உர மூட்டை வரவில்லை, பிள்ளைகள்தான் வந்தார்கள். எங்கள் கல்யாணமும் நடந்தது. மணவறையில் குடும்பப் படம் எடுக்க, "எல்லாரும் வாங்க," என்று படக்காரர் கூப்பிட்டபோது, தாலி கட்டிய களைப்போடு நின்ற என்னைப் பார்த்து, "மாப்ள, நீங்களும்தான்," என்றார் மாமனார். அதிலிருந்து தீபாவளிக்கு எண்ணெய் வைப்பதானாலும் சரி, போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கிளம்புவதானாலும் சரி, அந்த வார்த்தை இல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நடப்பதில்லை. இப்போது என் மகளும் சொல்கிறாள்.

போன மாதம் மாமனார் ஏதோ ஞாபகத்தில் வெறுமனே "எல்லாரும் சாப்பிட வாங்க," என்றுவிட்டு இலைமுன் உட்கார்ந்துவிட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.