சுபாவம் பார்த்து நெல் எடுத்த கதை

நெல்லை வாங்குவதற்கு முன்னால் நெல்லின் ஈரத்தைப் பார்ப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். நெல் கொண்டுவந்தவரின் சுபாவத்தைப் பார்ப்பது எங்கள் கீழமருதங்குடி கொள்முதல் நிலையத்தில் மட்டும் நடந்தது. அந்தப் பெருமையை வேறு ஊர்க்காரன் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். என் பெயர் துரைராசு. குறுவை அறுத்து, நிலையத்துக் களத்தில் குவித்துவிட்டு, சர்க்கார் எப்போது எடுக்கும் என்று குவியலுக்குப் பக்கத்தில் காவல் கிடந்தவர்களில் நானும் ஒருவன்.

அது நாட்டின் கதவுகளையெல்லாம் சர்க்கார் திறந்துவிட்டிருந்த காலம். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்திலும் பெட்டிக்கடையில் பாட்டில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படிப்பட்ட காலத்தில் எங்கள் மண்டல அதிகாரி இளஞ்செழியன் அவர்களை இலாகா பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவரும் குளுகுளு அறையில் உட்கார்ந்து, நிர்வாகம் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஊர் திரும்பினார்.

வந்த கையோடு எங்களைக் களத்தில் கூட்டி, நெல் ஏன் தேங்குகிறது என்று கேட்டார். சாக்கு இல்லை என்றோம். லாரி வரவில்லை என்றோம். அதெல்லாம் மேலோட்டமான காரணங்கள் என்று கையமர்த்தினார். மூல காரணம் என்னவென்றால், எங்களில் யாருக்கும் தான் யார் என்று தெரியாததுதானாம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோரும் பிறந்ததிலிருந்து பழகியவர்கள்தான்.

மனிதரில் இரண்டு வகை என்று அதிகாரி விளக்கினார். தனியாக இருந்தால் தெம்பு வருகிறவர் இன்ட்ரோவர்ட். கூட்டத்தில் இருந்தால் தெம்பு வருகிறவர் எக்ஸ்ட்ரோவர்ட். இலாகாவின் தமிழில் முன்னவர் அகமுகர், பின்னவர் புறமுகர். பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியே போடுகிறார்களாம். உதாரணத்துக்கு நிலையத்தின் பட்டியல் எழுத்தர் ரெங்கசாமியைக் காட்டினார். ரெங்கசாமி, நாங்கள் எத்தனை தடவை கேட்டாலும் தலை நிமிராதவர். கேள்விக்குப் பதிலாக ஒரு காகிதத்தைப் புரட்டுவார். அதை நாங்கள் இத்தனை நாளும் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது திமிர் இல்லை, சுபாவம் என்றார் அதிகாரி. இந்தச் சேதி ரெங்கசாமிக்கும் புதிது போலிருக்கிறது, முகம் மலர்ந்துவிட்டது. தலை மட்டும் நிமிரவில்லை.

ஜெகபர் அலி பாய் எழுந்தார். சவூதியில் வெகுகாலம் லாரி ஓட்டிவிட்டு வந்து இங்கே குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்.

"சார், அங்க எங்களையும் ரெண்டு வகையாத்தான் பிரிச்சு வச்சிருந்தாங்க. பாஸ்போர்ட் கையில இருக்கறவன், இல்லாதவன். இதுவும் அந்த மாதிரிதானுங்களா?"

அதிகாரி அவரை அந்த இடத்திலேயே புறமுகர் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் உத்தரவு வந்தது. களத்தின் கிழக்குப் பாதி அகமுகருக்கு, மேற்குப் பாதி புறமுகருக்கு. அகமுகரைப் பலர் முன்னிலையில் பேர் சொல்லி எடைக்கு அழைப்பது அவர் மனத்தைப் புண்படுத்தும் என்பதால் அழைக்கக் கூடாது. அவராக முன்வந்து கேட்பது அவர் சுபாவத்துக்கு விரோதம் என்பதால் அவரும் கேட்கக் கூடாது. புறமுகருக்குத் தனிமை ஆகாது என்பதால் பத்துப் பேர் சேர்ந்து நின்றால் மட்டுமே எடை போடப்படும். இவ்வாறாக, இரு சாராருக்கும் யாதொரு மனச்சங்கடமும் ஏற்படா வண்ணம் கொள்முதல் அன்றோடு நின்றது.

யார் எந்த வகை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு ரெங்கசாமிக்கு. நெல்லின் ஈரம் பார்க்க மிஷின் இருக்கிறது, சுபாவம் பார்க்க இலாகா ஒன்றும் கொடுக்கவில்லை. ஆகவே அவர் தனக்குத் தெரிந்த வழியில் பார்த்தார். நெல் மூட்டையில் மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். அதே போல ஒவ்வொரு ஆளிடமும் காலையில் ஒரு பிடி, மத்தியானம் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி பேச்சைக் கேட்டார். நெல்லில் ஈரம் பதினேழு சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. மனிதனுக்கு வேறு விதி எழுதப்படவில்லை. எனவே பேச்சு பதினேழுக்கு மேலே போனால் புறமுகர், கீழே இருந்தால் அகமுகர். எப்படிக் கணக்குப் போட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. நெல்லுக்கும் கேட்டதில்லை.

எனக்குப் பதினொன்று வந்தது. உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்துவிட்டது. இத்தனை வயதுக்கு என்னைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாக ஒன்றும் கண்டுபிடித்ததில்லை. மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போகவில்லை, சுபாவம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் அங்கே கூட்டமாக இருக்கும், நான் இன்ட்ரோவர்ட் என்றேன். என் வீட்டுக்காரி, சாப்பாட்டு இலைக்கு முன்னால் மட்டும் அந்த வியாதி வருவதில்லையே என்றாள். படிக்காதவள், அவளுக்கு என்ன தெரியும். ஊரிலும் இது நன்றாகப் பரவியது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு சேர்த்து இதையும் விசாரித்தார்கள். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பதில் சொல்லத் தெரியாத பையன்களுக்கெல்லாம் திடீரென்று மவுசு வந்தது.

வம்பில் மாட்டிக்கொண்டது அகிலாண்டம் ஒருத்திதான். என் குவியலுக்குப் பக்கத்துக் குவியல் அவளுடையது. மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்க, இங்கே சாகுபடியை முழுக்க அவளே பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். நடவு வயலில் இறங்கிவிட்டாலோ அவள் குரல் வாய்க்காலைத் தாண்டி அடுத்த ஊரில் கேட்கும். ரெங்கசாமி மூன்று பிடியும் எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். சரியாகப் பதினேழு. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவள் குவியல் களத்தின் நடுவில் எந்தப் பாதியிலும் சேராமல் கிடந்தது. விவகாரம் அதிகாரி வரைக்கும் போயிற்று.

"அம்மா, கூட்டத்துல இருந்தா உங்களுக்குத் தெம்பா இருக்குமா, களைப்பா இருக்குமா?"

"நடவுக் கூட்டம்னா தெம்பா இருக்குங்க. இங்க இப்படி நிக்கிற கூட்டம்னா களைப்பா இருக்குங்க."

"சரி, தனியா இருந்தா?"

"அதுக்கெல்லாம் எங்கங்க நேரம்?"

"அப்ப நீங்க யாருன்னு நான் எழுதறது?"

"நெல்லு விக்க வந்தவள்னு எழுதிக்குங்க சார்."

அப்படி ஒரு வகை பெங்களூரில் சொல்லித் தரப்படவில்லை. அதிகாரி ரெங்கசாமியைப் பார்க்க, ரெங்கசாமி தலை நிமிராமல் ஈர நெல்லுக்குச் சொல்லும் வழக்கமான பதிலைச் சொன்னார். "காயவச்சு எடுத்துக்கிட்டு வாங்க." காய வேண்டியது நெல்லா அகிலாண்டமா என்று அவர் விளக்கவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்கில் வானம் கறுத்து வந்தது. தும்பி தலையை உரசிக்கொண்டு பறந்தது. மழை இறங்கினால் களத்து நெல் என்ன ஆகும் என்று டெல்டாவில் பிறந்த யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நனையும், புழுங்கும், முளைக்கும். அதோடு ஒரு போகத்து உழைப்பு முடிந்தது. அகிலாண்டம் என்னிடம் வந்து, எல்லோருமாகப் போய் எடை போடச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றாள். கேட்பது எங்கள் வரிசையின் சுபாவம் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். மேற்கே போய்க் கேட்டாள். அங்கே மொத்தமே எட்டுப் பேர்தான், பத்துக்கு இரண்டு குறைவு. அவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இதே விஷயத்தை அருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து இருட்டும் வரை பேசினார்கள். கேட்பதற்கே நன்றாக இருந்தது. அலுவலகம் மட்டும் டீக்கடையிலிருந்து ரொம்பத் தூரம், ரோட்டைக் கடக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

காற்றும் மழையுமாக அடிக்கும்போது படுதாவை ஒரு ஆள் தனியாக விரிக்க முடியாது. ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை பறக்கும். கிழக்கே நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் படுதாவின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றோம். அடுத்தவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வானேன் என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மேற்கே யார் குவியலை முதலில் மூடுவது என்று டீக்கடைக் கொட்டகையில் பேச்சு தொடங்கி, நல்ல கட்டத்தில் இருந்தது. அகிலாண்டம் இந்தப் பக்கமும் பார்த்தாள், அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு நடவு வயல் குரலை எடுத்தாள்.

"யாராச்சும் ஓடியாந்து அந்த முனையப் பிடிங்க."

ஓடிவந்தது ரெங்கசாமி. மேஜையைத் தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து வந்து முனையைப் பிடித்தார். "கல்லை வைம்மா, முதல்ல கல்லை வை" என்று அவர் போட்ட சத்தத்தில் எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று யார் நினைத்தது. தலையும் நிமிர்ந்திருந்தது. இரண்டு பேருமாக அந்தக் குவியலை மூடி, சுற்றிலும் கல் வைத்து, ஒரு நெல்மணிகூட நனையாமல் காப்பாற்றிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் நனைந்துகொண்டே அதைப் பாராட்டினோம்.

மழை விட்டதும் அதிகாரி வந்தார். அகமுகர் எனப் பதிவாகியுள்ள ஊழியர், அலுவல் நேரத்தில், தம் சுபாவத்துக்கு முரணாக, உரத்த குரல் எழுப்பியது ஏன் என்று விளக்கம் கேட்டு ரெங்கசாமிக்கு மெமோ கொடுத்தார். ரெங்கசாமி வாய் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு ஒரு காகிதத்தைப் புரட்டினார். சுபாவம் திரும்பிவிட்டது என்று மெமோ ரத்தாயிற்று.

அகிலாண்டம் போட்ட கூச்சலில் அவள் கணக்கும் பதினேழைத் தாண்டிவிட்டது. ஒருவழியாகப் புறமுகர் ஆனாள். மொத்தக் களத்திலும் காய்ந்த நெல் அவளுடையது ஒன்றுதான். எடை போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மேற்கே எட்டுப் பேர், அவளோடு ஒன்பது. பத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. கிழக்கு வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே கடைசியில் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, உங்க நெல்லு நனைஞ்சு கிடக்கு, தெரியுது. ஒரு பத்து நிமிசம் எங்கூட வந்து நில்லுங்க. பேசக்கூட வேணாம். திரும்ப மழை வந்தா படுதா தாங்காதுண்ணே."

"வரணும்னுதான் இருக்கு தங்கச்சி," என்றேன். "கூட்டம்னா நம்ம சுபாவத்துக்கு ஒத்து வரல."

அவள் ஜெகபர் அலி பாயின் டிராக்டரை வரச்சொல்லி, நெல்லை ஏற்றிக்கொண்டு திருவாரூரில் ஒரு தனியார் வியாபாரியிடம் போனாள். அவன் சொன்னதுதான் விலை. டிராக்டர் என்னைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் பார்க்கவில்லை.

அதற்குள் என் குவியல் பச்சை பிடித்துவிட்டது. கையை விட்டால் உள்ளே கொதித்தது, மேலே முளை விரல் நீளத்துக்கு நின்றது. அதிகாரி வந்து ஒரு பிடி அள்ளி உற்றுப் பார்த்தார். உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே காட்டிவிட்டபடியால் இது புறமுக நெல் என்றும், அகமுகர் பெயரில் இதை ஏற்க இயலாது என்றும் முடிவு சொன்னார்.

என்னை அறியாமல் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. நீடாமங்கலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்கள் வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். ரெங்கசாமி தலை நிமிராமல், "நாப்பத்திரண்டு" என்று எழுதிக்கொண்டார். நான் புறமுகர் ஆனேன்.

அந்த வாரமே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மழையில் நனைந்த நெல்லையும் முளைத்த நெல்லையும் இந்த ஒரு தடவை எடுத்துக்கொள்ளலாம், நாளைக்குள் எடுத்து முடிக்க வேண்டும். மேற்குப் பாதியில் ஓடிப்போய் நின்றேன். எட்டுப் பேர், என்னோடு ஒன்பது. கிழக்கே போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். வர ஆசைதான், சுபாவம் ஒத்து வரவில்லை என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எங்கள் ஒன்பது பேரைத் தவிர, புறமுகர் என்று பதிவில் இருந்தது ஒரே ஆள்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அகிலாண்டம் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் உட்கார்ந்து சம்பா நாற்றங்காலுக்கு விதைநெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்கண்ணே என்று எழுந்து செம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேச வேண்டியதில்லை, பத்து நிமிஷம் வந்து நின்றால் போதும் என்றேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, அந்தக் குரலா இது என்று நான் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்.

"வரணும்னுதான் இருக்குண்ணே. ஆனா அன்னைக்குக் களத்துலேர்ந்து வந்ததும் நானும் இன்ட்ரோவர்ட் ஆயிட்டேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எக்ஸ்ட்ரோவர்ட் ஆகிவிட்டபடியால் அதற்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. கேட்கத்தான் அங்கே யாரும் இல்லை.