பூட்டுக்கடைக்காரர் கொண்டுவந்த துணை

இனி தினமும் சாயங்காலம் மன்றத்துக்குப் போய்க் கேரம் ஆடியே தீருவது என்று பூட்டுக்கடைக்காரர் கங்கணம் கட்டிக்கொண்டார். குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான். இருட்டினால் வீட்டில் தனியாக இருக்க அவர் மனைவிக்குப் பயம்.

"கதவுக்கு மூணு பூட்டு போட்டிருக்கேன். அப்புறம் என்னடி பயம்?"

"பூட்டு பேச்சுத்துணைக்கு வருமாங்க?"

துணைதானே வேண்டும்? வீடு மாறிப் போகிற வாடிக்கையாளரிடம் கேட்டு ஒரு நாயைக் கொண்டுவந்துவிட்டார். கன்றுக்குட்டி உயரம். நின்றபடியே சாப்பாட்டு மேசைமேல் தாடையை வைத்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி படியேறாமலே திரும்பிப் போனாள். பூட்டுக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இனி எந்தத் திருடனும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான்" என்று செருப்பை மாட்டினார்.

நாய் எழுந்து வந்து அவர்மேல் சாய்ந்தது. செல்லமாகத்தான். அந்தச் செல்லத்தில் அவர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அவர் மடியில் தலையை வைத்து அது கண்ணை மூடிக்கொண்டது.

"பாவம், புது இடம். பயப்படுது."

"இதுவா பயப்படுது? எனக்கே இதைப் பார்த்தா பயமா இருக்கு!"

"மெதுவாப் பேசுங்க, தூங்குது."

"கால் மரத்துப்போச்சுடி."

"ஆட்டாதீங்க, முழிச்சுக்கும்."

தினமும் இதே கதைதான். மிக்சி ஓடினால் அது அவருக்குப் பின்னால் ஒளிந்தது. ஒளிந்தது என்பது அதன் நினைப்பு. தலை அவர் முதுகுக்குப் பின்னால், மீதி நாய் முழுக்கக் கூடத்தில். பூனை முறைத்தாலும் அவரிடம்தான் ஓடிவந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட அவருக்கும் மனசு வரவில்லை. கேரம் போர்டு மட்டும் கண்ணிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, நாய் குறட்டை விட்ட நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக நழுவினார். மன்றத்தில் கூட்டாளியோடு ஆட உட்கார்ந்து, ஸ்ட்ரைக்கரை எடுத்துச் சிவப்புக் காய்க்குக் குறிவைத்தார். சுண்டப்போகிற நேரத்தில் போர்டின்மேல் ஒரு பெரிய தாடை வந்து இறங்கியது. காய்கள் நாலாபக்கமும் சிதறின. வாலுக்குப் பின்னால் மனைவி.

"முழிச்சதும் உங்களைக் காணாம ஒரே அழுகைங்க. என்னைத் தரதரன்னு இழுத்துட்டு வந்துடுச்சு."

"ஆட்டம் பாதியில நிக்குதேடி!"

"ஆமால்ல? உங்க கூட்டாளி பாவம், தனியா என்ன பண்ணுவார்?"

காய்களை அடுக்கிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு சுண்டு. சிவப்பு குழியில் விழுந்தது. அடுத்த சுண்டில், சிவப்புக்குத் துணையாகப் போட வேண்டிய ஃபாலோ காயும் விழுந்தது. கூட்டாளி எழுந்து நின்று கைதட்டினார்.

"இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"

"காலேஜ்ல நான்தாங்க சாம்பியன். நீங்க எங்க கேட்டீங்க?"

"இருட்டப்போகுது. நீ வேற பயப்படுவே, வா போகலாம்" என்றார், கடைசி நம்பிக்கையோடு.

நாய் கொட்டாவி விட்டு, மெல்ல அவர்மேல் சாய்ந்து, வாசல் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தது. மனைவி போர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்குத் தூக்கம் வந்துடுச்சு, நீங்க கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க, நாங்க இன்னும் ரெண்டு போர்டு ஆடணும்."