வாயால் ஓடுபவர்

உலகத்தில் ஓடுகிறவர்கள் இரண்டு வகை. காலால் ஓடுகிறவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றி எழுத முடியாது. எழுதலாம் என்று பேனாவைத் திறப்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்கள். இரண்டாவது வகை, வாயால் ஓடுகிறவர்கள். இவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள். உங்கள் எதிரிலேயே, உங்கள் நாற்காலியிலேயே, உங்கள் தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்று எட்டிப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். உடம்பு நடு வயதைத் தாண்டியிருக்கும். சட்டையின் நடுப் பொத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். காலில் மட்டும் ஒலிம்பிக்கிலிருந்து நேராக வந்து இறங்கியது போன்ற காலணி. போன மாதம் வரை கல்யாணப் பந்தியில் நம் பக்கத்தில் உட்கார்ந்து நம் இனிப்பையும் சேர்த்துச் சாப்பிட்டவர், இந்த மாதம் இனிப்பைப் பார்த்தால் பாம்பைப் பார்த்தது போலப் பின்வாங்குவார். "இதெல்லாம் விஷம், தெரியுமா?" என்பார். அந்த விஷத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் சொல்வார்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பருத்த உடம்பைக் கேலி செய்ய நான் வரவில்லை. என் இடுப்பு வாரிலும் ஆணியைக் காய்ச்சிப் போட்ட புதுத் துளைகள் உண்டு. மூச்சு வாங்க, தொடை அதிர, ஊரே பார்க்கத் தெருவில் இறங்கி ஓடுகிற கனத்த மனிதரைக் கண்டால் நான் ஒதுங்கி வழிவிடுவேன். என் சண்டையெல்லாம் இறங்காமலே ஓடுகிறவரோடுதான்.

அப்படி ஒருவர் எனக்குச் சகலை. என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். போதாக்குறைக்கு, நாங்கள் இருவரும் ஒரே குடிநீர் வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். அவர் புகார்ப் பிரிவின் தலைவர். தண்ணீர் வரவில்லை என்று தொலைபேசியில் சொல்கிறவரிடம், தண்ணீர் வருவதாகவே நம்ப வைத்து அனுப்பிவிடும் ஆற்றல் அவருக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் குண்டூசி. முன்பாதி அப்போதே பொருந்தியது. பின்பாதி, அவர் பிறருக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்த பிறகு பொருந்தியது.

ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது அவருக்குத் தலை சுற்றியது. அக்கா விடாப்பிடியாக மருத்துவரிடம் அழைத்துப் போனார். இரத்தத்தில் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு என்று எல்லாமே வரவேண்டிய அளவைத் தாண்டி வந்திருந்தன. மருத்துவர் அம்மாள் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: "தினமும் கொஞ்சம் நடங்க. அது போதும்."

அன்று சாயங்காலம் குண்டூசி வீட்டில் அறிவித்தார்: "நான் ஓடப் போறேன்."

"அவங்க நடக்கத்தானே சொன்னாங்க?" என்றார் அக்கா.

"நடக்கிறதை எல்லாரும்தான் நடக்கிறாங்க. அதுல என்ன இருக்கு?"

கவனியுங்கள். இந்த இனத்தின் முழு ஜாதகமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நடந்தால் உடம்பு இளைக்கும். ஆனால் ஊர் பேசாது. உடம்பை இளைக்கவைக்கப் புறப்படுகிறவருக்கு நடை போதும். பெயர் பெருக்கப் புறப்படுகிறவருக்கு ஓட்டம்தான் வேண்டும்.

ஓடுவதற்கு முன் ஓடுவதற்கானவை வாங்கப்பட்டன. காலணி, வேர்வையை உறிஞ்சுமாம் என்று ஒரு சட்டை, இருட்டில் மின்னுமாம் என்று இன்னொன்று, நெற்றிப்பட்டை, இதயம் துடிப்பதை இதயத்துக்கே தெரிவிக்கும் கைக்கடிகாரம். கடைக்கு என்னையும் இழுத்துப் போயிருந்தார். கடைக்காரப் பெண், "எவ்வளவு தூரம் ஓடுவீங்க சார்?" என்று கேட்டாள்.

"அதை உடம்புதாம்மா முடிவு பண்ணும்" என்றார்.

உடம்பு முடிவு பண்ணியது. முதல் நாள் காலையில் வீட்டு வாசலில் பல கோணங்களில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு ஓடத் தொடங்கியவர், பூங்கா வாசல் வருவதற்குள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கண்ணில் பூச்சி பறந்தது. இதில் கேவலம் ஒன்றுமில்லை. முதல் நாள் எல்லோரும் அப்படித்தான். மறுநாள் இன்னும் நாலு கம்பி தாண்டியிருக்கலாம். ஆனால், பக்கத்தில் ஒரு கிழவர் சர்வசாதாரணமாக ஓடிப் போனதைக் குண்டூசி பார்த்துவிட்டார். அதோடு ஓட்டம் முடிந்தது.

பேச்சு தொடங்கியது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆயுதபாணியாக வீட்டைவிட்டுக் கிளம்புவார். சொட்டச் சொட்ட நனைந்து திரும்புவார். உறவெல்லாம் மூக்கில் விரல் வைத்தது. என் மனைவி என்னையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். தாங்க முடியாமல் ஒரு நாள் நானும் பூங்காவுக்குப் போனேன். அங்கே கண்ட காட்சி: மோட்டார் அறைக்குப் பின்னால் சிமென்ட் பலகையில் என் சகலை சாய்ந்து உட்கார்ந்து, போனில் யாரோ ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரமானதும் எழுந்தார். செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாயைத் திறந்தார். கழுத்தில் கொஞ்சம், அக்குளில் கொஞ்சம், முதுகில் நிறைய. ஓர் ஓவியர் வண்ணம் தீட்டுவது போலப் பொறுமையாக நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். வாரியத் தண்ணீர் இவ்வளவு கவனமாகச் செலவிடப்பட்டதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததேயில்லை.

நான் ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சகலையைக் காட்டிக் கொடுத்தால், அடுத்த நாளே "அப்ப நீங்க ஓடுங்க" என்று என்னைப் பூங்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான்.

காலில் செலவாகாத சக்தி எங்கேயாவது வெளியேறத்தானே வேண்டும்? அலுவலகத்தில் வெளியேறியது. மின்தூக்கியின் முன்னால் நின்றுகொண்டு, "படியில போங்கப்பா, கால் இருக்கில்ல?" என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, காலியான மின்தூக்கியில் தனியாக ஏறி வருவார். யாருடைய பிறந்தநாளுக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும் அதன் தீமைகளை விளக்குவார். எல்லாரையும்விட அதிகமாக மாட்டிக்கொண்டவர் ரெக்கார்டு அக்கா.

பழைய கோப்புகளைப் பாதுகாக்கும் ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் எங்களுக்கு அவர் ரெக்கார்டு அக்கா. நல்ல பருமன். அலமாரிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் போவார். யார் வம்புக்கும் போகாதவர். குண்டூசி தினமும் மதியம் அவர் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"நீங்க தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு சொல்றேம்மா."

இப்படித் தொடங்குகிற வாக்கியம் எதுவும் மனிதகுல வரலாற்றில் நல்லவிதமாக முடிந்ததில்லை.

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு இவ்வளவு சாப்பிடலாமா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சார், பசிக்குது சார்" என்பார் அந்த அம்மாள், டப்பா மூடியைப் பாதி திறந்தபடி.

"அது பசி இல்லம்மா. பழக்கம்."

அந்த அம்மாள் மூடியை மறுபடி மூடிவிடுவார். சுற்றி இருக்கும் நாங்கள் எங்கள் டப்பாக்களுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வோம். சில நாட்களில் அவர் அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு மதிய வேளையில் இடத்திலேயே இருக்கமாட்டார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவுமில்லை.

அலுவலக ஆண்டு விழா வந்தது. ஏரியைச் சுற்றி எல்லோரும் ஓடலாம் என்று யோசனை சொன்னவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெயர் கொடுத்தவர்களில் ரெக்கார்டு அக்காவும் இருந்தார். குண்டூசி கூட்டத்தின் நடுவில் நின்று, "என்னம்மா, ஆம்புலன்சுக்கு இப்பவே சொல்லிடவா?" என்றார். சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

ஓட்டத்தன்று காலை குண்டூசி முழங்காலில் கட்டுடன் இறங்கினார். "ஜவ்வுல பிரச்னை தம்பி. ரெண்டு நாள் முன்னாடி கொஞ்சம் ஓவரா போயிட்டேன்." கட்டு வலது காலில் இருந்தது, நொண்டல் மட்டும் அவ்வப்போது இடது காலுக்கும் போய்வந்தது. கையில் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். ஓடுகிறவர்களுக்கு எப்படி மூச்சு விடவேண்டும், பாதத்தை எப்படி வைக்கவேண்டும் என்று ஏரியின் மறுகரை வரை கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். வாத்துகள் கரையேறிவிட்டன.

ஓடியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பரிசு கொடுத்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள். நாற்காலிகளை வண்டியில் ஏற்றினார்கள். அப்போதுதான் வளைவில் ரெக்கார்டு அக்கா தெரிந்தார். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. நடை என்றும் சொல்ல முடியாது. முகம் கறுத்துச் சிவந்து, வாய் திறந்து, பழைய காலணி சப்புச் சப்பென்று அடிக்க, நிற்காமல் வந்தார். முடிவுக் கோடு போட்டிருந்த துணியைக்கூடச் சுருட்டிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த என் மனைவியின் அக்காதான் ஓடிப்போய் அதைப் பிடுங்கி மறுபடி விரித்தார். அந்த அம்மாள் அதை மிதித்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நாலைந்து பேர்தான் கைதட்டினோம்.

குண்டூசி, நொண்ட மறந்து விரைந்து வந்தார். "பாத்தீங்களா! எல்லாம் என் பயிற்சி! சொல்லுங்கம்மா, எப்படி இதெல்லாம் முடிஞ்சுது?" என்று ஒலிபெருக்கியை அவர் வாயருகே நீட்டினார்.

ரெக்கார்டு அக்கா மூச்சு சமனாகும் வரை காத்திருந்தார். "மதியம் நீங்க பேசறது காதுல விழாத தூரத்துக்குப் போயி சாப்பிடலாம்னு நடக்க ஆரம்பிச்சேன் சார். உங்க குரல் பெருசு. தூரம் அதிகமாயிட்டே போச்சு."

ஏரிக்கரை முழுவதும் கேட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். குண்டூசி மட்டும் மலர்ந்தார். "கேட்டீங்களா? நான்தான் காரணம்னு அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க!" என்றார்.

இந்த இனத்தை எந்த ஊசியும் குத்தாது.

அல்லது அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். அதே மாதம் குண்டூசியும் என் மனைவியின் அக்காவும் மருத்துவரிடம் மறுபடி போகவேண்டியிருந்தது. வண்டி ஓட்ட என்னைக் கூப்பிட்டார்கள். மருத்துவர் அம்மாள் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சர்க்கரை இன்னும் ஏறியிருக்கே. நடக்கிறீங்களா?"

"நடக்கிறதா? ஓடறேன் டாக்டர். தினமும்."

"தினமும் ஓடியும் இப்படின்னா மாத்திரை பத்தாதுங்க. இன்சுலின் ஊசி ஆரம்பிச்சிடலாம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை வெறித்தபடி அவர் சொன்னது, "சரிங்க டாக்டர்."

பார்த்தீர்களா? உடம்பில் ஊசி ஏற்றிக்கொள்ளச் சம்மதம். உண்மையை இறக்கி வைக்கச் சம்மதமில்லை.

மருத்துவர் பேனாவை எடுத்தார். "எழுதாதீங்க டாக்டர்" என்றார் அக்கா. "இவர் ஒரு நாளும் ஓடலை. குழாய்த் தண்ணியில சட்டையை நனைச்சுக்கிட்டு வர்றார்."

"உனக்கு யாரு..." என்று குண்டூசி என் பக்கம் திரும்பினார்.

"அவரை ஏன் பாக்கறீங்க? உங்க சட்டையைத் துவைக்கிறது நான். வேர்வைன்னா ஒரு வாடை இருக்கும். உங்க சட்டையில குளோரின் வாடைதான் இருக்கு."

"அப்ப இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"நனைஞ்சு நனைஞ்சு வெக்கமாயி, ஒரு நாளாவது நிஜமா ஓடிடுவீங்கன்னு பாத்தேன்."

பெரிய உடம்பு எப்படிச் சிறுத்துப் போகும் என்பதை அன்று பார்த்தேன். மருத்துவர் பேனாவை மூடினார். "நடங்க. நான் அன்னிக்கும் அதான் சொன்னேன்" என்றார், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் குண்டூசி என் வண்டியில் ஏறவில்லை. செருப்புக் காலோடு நடக்க ஆரம்பித்தார். அக்கா ஒன்றும் கேட்காமல் கூடவே நடந்தார். நான் வண்டியில் பின்னால் ஊர்ந்து வந்தேன். பாலத்து மேட்டில் அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார், அக்கா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார், மறுபடி நடந்தார்கள். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை மனிதர். உள்ளதைச் சொல்லவேண்டும்: அன்று அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அந்த மரியாதை வீட்டு வாசல் வரை நீடித்தது. உள்ளே போனதும் நாற்காலியில் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, தன் பேச்சைக் கேட்டு ஓட ஆரம்பித்திருந்த தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், நீ இன்னும் ஓடிக்கிட்டா இருக்கே? முட்டாளே, முழங்கால் போயிடும்டா! நடக்கணும். நடக்கிறதுதான்டா மருந்து. நான் என் அனுபவத்துல சொல்றேன்!"

இப்போது தினமும் நடக்கிறார், மறுப்பதற்கில்லை. அக்கா பக்கத்திலேயே இருப்பதால் வேறு வழியுமில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வாய் இறங்கவில்லை. ஓடுகிறவர்களை எதிரே கண்டால் நிறுத்தி வைத்து நடையின் மேன்மையை விளக்குகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'அப்படியே எங்க மச்சானேதான்' என்று அவருக்கு இதை அனுப்பலாமா என்றும் யோசிக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் ஒன்று. ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து படித்ததில், உடம்புக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட ஒரு திருப்தி உங்களுக்கு வந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? இன்னொன்றும் கவனித்தேன். நடுவில் எங்கோ ஓரிடத்தில் நீங்கள் வயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டீர்கள்.

பரவாயில்லை, மூச்சை விடுங்கள். யாரும் பார்க்கவில்லை.